அம்முணி வீட்டுக்கு வந்த தபால்

கிராமபோன் தட்டில் கேட்கும் குரல், பாடியவரின் தொண்டையிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். தட்டு சுழலச் சுழல முள் அதைத் தேய்க்கும். தட்டு எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவுக்கு, எங்கோ பட்டணத்தில் இருக்கும் அந்தப் பாடகியின் தொண்டையும் தேயும். கல்யாண வீடுகளில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் அம்மா உண்மையாகவே வருந்துவார்.

"பாவம், அந்தப் புள்ளைக்கு இன்னைக்குப் பூராவும் தொண்டை வலிக்குமே!"

அப்பா இதை முழுவதும் நம்பியதில்லை, மறுத்ததும் இல்லை. "இருந்தாலும் இருக்கும்" என்பார். எனக்கிருந்த சந்தேகம் வேறு. தேய்ந்த குரல் எங்கே போகிறது? ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்காரர் காப்பி குடிக்கப் போன நேரத்தில், முள்ளின் நுனியில் ஒட்டியிருந்த கறுப்புத் தூசியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு சுவையும் இல்லை.

இந்த நம்பிக்கையைத்தான் அம்மா மடியில் முடிந்துகொண்டு வந்ததுபோல் அன்று வேலந்தாவளம் சினிமாக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தார். அது ஓர் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். என் அக்காவுக்குப் பதினெட்டு.

வெயிலில் தெரிந்த திரை

சென்ற வாரம் எங்கள் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி எழுதியபோது, ஏற்றம் இறைத்தவர்களின் பாட்டு நின்றுபோன பிறகு எங்களுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது.

இருட்டில் மட்டுமே நான் பார்த்திருந்த திரையை அன்று முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். அது வெறும் துணி. மூன்று இடங்களில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். மூலையில் காக்கை எச்சம். எத்தனையோ ராஜகுமாரிகள் அழுத இடம் இதுதானா என்று திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கடலைத் தோலும் பீடித் துண்டுகளும் ஒரு சிவப்பு நாயும் இருந்தன.

பாலக்காட்டு நகரத்திலிருந்து ஒரு கானமேளக் குழு வந்திருந்தது. மேடையில் வாத்தியங்களோடு சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கோயில் திருவிழாக்களுக்கு அவர்கள், கேரளத்துக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் எங்கள் எல்லைப் பக்கம் வந்தால், முன்வரிசையில் இருப்பவர்கள் தமிழ்ப் பாட்டுத்தான் கேட்பார்கள். அவர்களிடம் தமிழ்ப் பாட்டுப் பாட ஒரு பெண்குரல் இல்லை. அதற்காகத்தான் அந்தக் குரல் தேர்வு. ஜீப்பில் வந்து இளஞ்சிவப்பு நோட்டீசை வீசிவிட்டுப் போயிருந்தார்கள்.

பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் முன் ஆர்மோனியம் இருந்தது. அக்காவின் முறை வந்ததும் அம்மா முந்திக்கொண்டு அவர் எதிரே போய் நின்றார்.

"ஏனுங்க, தட்டுல புடிப்பீங்களா?"

"எந்தா?"

"தட்டுங்க, தட்டு. தட்டுல புடிக்கறதா இருந்தா வேண்டாமுங்க."

ஆர்மோனியக்காரர் கைகூப்பினார். "தட்டு ஒன்னும் வேண்டா சேச்சி. ஞங்கள் சாயை குடிச்சு."

பலகாரத் தட்டு வைத்து உபசரிக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொன்னதே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. நிம்மதியோடு வந்து உட்கார்ந்து, "தட்டு இல்லியாமா, நீ தகிரியமாப் பாடு சாமி" என்று அக்காவை அனுப்பினார்.

காற்று விழுங்கிய வரிகள்

அக்கா எப்படிப் பாடக் கற்றாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மேற்கே ஒன்றரை மைல் தள்ளி அந்தக் கொட்டகை. ஆட்டம் தொடங்குமுன் கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து அடிக்கும்போது அந்தப் பாட்டு எங்கள் சோளக்காட்டின் தலைமேல் ஏறி வாசலுக்கு வந்து சேரும்.

முழுதாக வராது. காற்று ஓங்கினால் இரண்டு வரி, தணிந்தால் ஒன்றுமில்லை. மறுபடி ஓங்கும்போது பாட்டு வேறெங்கோ போயிருக்கும். அக்கா மாட்டுக்குத் தீனி அள்ளிப் போட்டபடி கேட்ட வரிகளைப் பிடித்துக்கொள்வாள்; கேட்காத வரிகளுக்குத் தானே சொற்கள் போட்டுக்கொள்வாள். அந்தப் பாடல்களை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு எனக்குப் பின்னாளில் வந்தபோது, உண்மையான வரிகள்தான் எனக்குப் பிழையாகத் தோன்றின.

அன்று கொட்டகையில் அவள் பாடியதும் அப்படிப்பட்ட ஒரு பாட்டுத்தான். இரண்டாம் சரணத்தில் ஆர்மோனியம் நின்றது. அவள் நிற்கவில்லை, முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஈ வரி எவிடெ கேட்டது?" என்றார் ஆர்மோனியக்காரர்.

"கேக்கலீங்க. அது காத்துல போயிருச்சுங்க. நானே போட்டுக்கிட்டேனுங்க."

பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆர்மோனியக்காரர் அக்காவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் தாளில் ஏதோ எழுதினார். ஒரு வரிதான். நான் எட்டிப் பார்த்தேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார். எழுதியது மெச்சியா, குறையாகவா என்று முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியவில்லை. முடிவைத் தபாலில் அனுப்புவார்கள் என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள்.

படிவம் மலையாளத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் மலையாளம் என்றால் அது என் இலாகா.

தினசரி மூன்று களி

எனக்கு அந்தப் பெருமை வந்த கதை சிரிப்புக்குரியது. சித்தூர்ப் பக்கம் போன அம்மா ஒரு சினிமாச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் எழுதியிருந்ததை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்: தினசரி மூன்று களிகள்.

"மூணு வேளையும் களியா? அந்தக் கொட்டாயில காத்தாலயாவது கஞ்சி ஊத்தக்கூடாதா?"

ராகிக் களி தின்று வளர்ந்த எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? மலையாளத்தில் களி என்றால் ஆட்டம், மூன்று களி என்றால் மூன்று காட்சிகள் என்று நான்தான் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாக அதைப் படித்துக்கொண்டிருந்தேன். உருண்டை உருண்டையான அந்த எழுத்துகளை எழுதுவதே எனக்கு இன்பம். அன்று முதல் அரசாங்கக் காகிதம் எது வந்தாலும், "பாப்பாகிட்டக் குடு, அவ பாத்துக்குவா" என்பார் அப்பா.

ஆகவே அந்தப் படிவமும் என் முழங்கால்மேல் வந்து விழுந்தது. பெயர் என்ற இடத்தில் விசாலாட்சி என்று எழுதினேன். அது அப்பாவைப் பெற்றவரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், அக்காவை யாரும் ஒருநாளும் அந்தப் பெயரிட்டு அழைத்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்ற பிறகு, பள்ளிப் பதிவேட்டுக்கு வெளியே அப்பெயர் இல்லை என்றே சொல்லலாம். வயது, பதினெட்டு. அதற்கு அடுத்த இடத்தில் ‘வீட்டுபேரு’ என்று அச்சிட்டிருந்தது.

எனக்கு ஐயமே எழவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்கிறார்கள். அம்முணி என்று அழகாக எழுதினேன். ஊர் வேலந்தாவளம். வட்டெழுத்துகள் வரிசை பிசகாமல் அமைந்திருந்ததை நான் இரண்டு முறை ரசித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

வண்டியில் போட்ட வாக்கு

திரும்பும் வழியில் வண்டியில் அப்பா பேசினார். உடுமலைப் பக்கத்திலிருந்து அக்காவைக் கேட்டு வந்திருந்தார்கள். நல்ல இடம், நஞ்சையும் கிணறும் உண்டு. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"இத பாரம்முணி. காயிதம் வந்துச்சுன்னா ரெண்டு வருசம் பாடு. நானே வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போறேன். தை பொறக்கறதுக்குள்ள வர்லீன்னா அவங்களுக்கு வாக்குக் குடுத்துருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரிங்கப்பா."

"ஒறம்பரையெல்லாம் என்ன சொல்லுவாங்க?" என்று உறவினர்களை நினைத்து அம்மா இழுத்தார்.

"சொல்றவங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து கேட்டுட்டுச் சொல்லட்டும்."

அக்கா சிரித்தாள். வழி முழுவதும் அவள் பாடவில்லை. கையில் எதுவும் இல்லாதபோதும் ஏதாவது முணுமுணுக்கும் பழக்கம் உள்ளவள் அவள். அந்த அமைதியைப் பார்த்துத்தான், இது அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. எங்கள் தோட்டம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் தபால்காரர் வரும் வழக்கமே இல்லை. ஆனாலும் அக்கா கடலைக்காட்டில் களை வெட்டும்போது வரப்பை ஒட்டிய பாத்தியைத்தான் தேர்ந்துகொள்வாள். அங்கிருந்து சாலை தெரியும்.

சந்தையில் ஒரு சிரிப்பு

மார்கழி பிறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். மாட்டுச் சந்தைக்குப் போன அப்பா பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் அடுக்களை முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். வாயில் சோற்றை வைக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னைக்குச் சந்தையில ஒரு கூத்து. புதுசா ஒரு தபால்காரன் வந்துருக்கறான். பாவம், மேக்கத்தியான். சைக்கிளத் தள்ளிக்கிட்டு மாட்டுக்கு மத்தியில வந்து நின்னு, அம்மிணி ஹவுஸ் எவிடெயான்னு கேக்கறான்."

"அப்படின்னா?" என்றார் அம்மா.

"அம்முணி ஊடு எதுன்னு கேக்கறான். அந்தப் பக்கத்துல ஊட்டுக்கெல்லாம் பேர் வெப்பாங்கல்ல, மனுசனுக்கு வெக்கற மாதிரி? அந்தப் பேரு இருந்தாத்தான் அவங்களுக்குக் காயிதம் போகும். நானே சொன்னேன்: ஏனுங்க, இந்த ஊர்ல ஊட்டுக்கு ஒரு அம்முணி இருக்குது, எந்த ஊட்டுக்குப் போறீங்க? சந்தையே சிரிச்சுது. ஒருத்தன் சொல்றான், என்ற ஊட்ல மூணு இருக்குது, மூணு காயிதம் குடுன்னு. அவன் மேவிலாசத்தப் படிக்கறதுக்குள்ள ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிப்போட்டோம். காது செவக்கச் சைக்கிள் ஏறிப் போயிட்டான்."

அம்மா சிரித்தார். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பெண்குழந்தை என்றாலே அம்முணி என்று கூப்பிடும் ஊர் எங்களுடையது. உண்மையில் அது நல்ல வேடிக்கைதான்.

நான் சோற்றில் கைவைத்தபடி இருந்தேன். வீட்டுபேரு. வீட்டுக்கு வைத்த பெயர். வீட்டில் அழைக்கும் பெயரன்று.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அப்பா அவ்வளவு மகிழ்ச்சியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தம் மகளுக்கு வந்த கடிதத்தைத் தாமே சந்தையில் விரட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் என் மலையாளத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பள்ளி இடைவேளையில் தபால் நிலையத்துக்கு ஓடினேன். அந்தத் தபால்காரர் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மிணி ஹவுசுக்கு ஒரு கத்து வந்ததா?" என்று கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன்.

"அது இன்னலே மடக்கி அயச்சல்லோ மோளே."

நேற்றே திருப்பி அனுப்பியாகிவிட்டது. அப்படி ஒரு வீடு இல்லை, விசாலாட்சி என்று இங்கே யாரையும் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாராம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தா, நின்டெ வீடாணோ?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சந்தையில் பட்ட அவமானத்துக்குப் பிறகும் அந்தக் கடிதத்தின்மேல் அவருக்குக் கரிசனம் இருந்தது.

"அல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. மற்றப் பிழைகளுக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இல்லை.

குழுவுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன், அப்பாவின் பெயரும் சரியான விலாசமும் போட்டு. இளஞ்சிவப்பு நோட்டீஸ் எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தது. நினைவில் இருந்த பெயரையும் பாலக்காடு என்ற ஊரையும் மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. தை பிறந்தது. அப்பா வாக்குக் கொடுத்தார். பங்குனியில் அக்கா உடுமலைக்குப் போனாள்.

பாட்டு முடிந்ததும்

அந்தத் தாளில் அந்த மனிதர் எழுதிய ஒரு வரி என்ன? திரும்பிப்போன உறைக்குள் என்ன இருந்தது? பிற்காலத்தில் நான் இரண்டு மொழிப் புத்தகங்களோடும் பழகினேன். எத்தனையோ பக்கங்களைப் படித்திருக்கிறேன். படிக்கக் கிடைக்காத அந்த ஒற்றை வரியின் மேல் இருந்த ஆவல் மட்டும் குறையவே இல்லை. பாலக்காட்டுக்குப் போகும்போதெல்லாம் பழைய கானமேளக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தக் குழு எப்போதோ கலைந்துவிட்டிருந்தது.

அக்கா நல்லபடியாகத்தான் வாழ்ந்தாள். அவள் கணவர் குணமானவர். அவள் மாட்டுத் தொழுவத்தில் பாடுவதைத் திண்டில் சாய்ந்து கேட்பாராம். அவர் காலமான பிறகு நான் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே போய்ச் சில நாள் இருப்பேன். மாலையில் தொலைக்காட்சியில் குழந்தைகள் போட்டியிட்டுப் பாடும் நிகழ்ச்சியை இருவரும் பார்ப்போம்.

பார்ப்போம் என்பதும் சரியில்லை. குழந்தை பாடி முடித்த கணமே அக்கா ரிமோட்டை அமுக்கிவிடுவாள். நடுவர்கள் வாய் திறக்குமுன் திரை கறுத்துவிடும். சிறிது நேரம் கழித்து, அடுத்த குழந்தை பாடத் தொடங்கியிருக்கும் என்று கணக்கிட்டு மறுபடி போடுவாள். அது எப்படியோ பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏனக்கா, அந்தப் புள்ளைக்கு எத்தனை மார்க்குன்னு தெரிய வேண்டாமா?"

"எதுக்கு? பாட்டுத்தான் கேட்டாச்சே."

அன்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், வீட்டுபேரு, தபால் நிலையம், அல்ல என்ற சொல். சொல்லி முடிக்க எனக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் கீரை ஆய்வதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அதுதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றாள்.

"என்னைக்கு?"

"அப்பா சந்தைக் கதைய சொன்னப்ப. நீ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தே. அந்தப் படிவத்துல எழுதுனது நீதானே? பாத்ததும் தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல? மறுநாளே போயிருந்தா வாங்கியிருக்கலாமே!"

அவள் ஒரு தண்டை ஒடித்து நார் பார்த்தாள்.

"போயி, வாங்கி, அதையும் உன்னையே படிக்கச் சொல்லி... வேண்டாம்னு எழுதியிருந்தா? அந்த ஆர்மோனியக்காரரு மூஞ்சி எனக்குப் புடிபடவே இல்ல பாப்பா. காயிதம் வர்லீன்னா வர்லீன்னு இருந்துட்டுப் போகுது. இன்னை வரைக்கும் என்னைய ஆரும் வேண்டாம்னு சொல்லல பாரு."

"வேணும்னு எழுதியிருந்தா?"

அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். "அடுத்த புள்ள வந்திருக்கும். சும்மா இரு."

வந்திருந்தது. பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி. இருவரும் கடைசி வரை கேட்டோம். பாட்டு முடிந்தது. திரை கறுத்தது.

அப்பா போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருக்கு நான் சொல்லவே இல்லை. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். காது சிவந்து சைக்கிள் ஏறிப்போன அந்தத் தபால்காரரும், தாளைக் கையால் மறைத்துக்கொண்ட அந்த மனிதரும் இன்று இருக்கமாட்டார்கள். இருப்பது நாங்கள் இருவர். எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும், அக்காவுக்கு வேண்டாம்.